வந்துட்டனுங்ணா

அந்த ஷூவைப் போட்டுட்டு ஓடாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. பாத்ததும் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். குதிகாலைப் பாருங்க, ஒரு பக்கமாத் தேஞ்சு கெடக்குது. அதோட ரோட்ல ஓடுனா மூட்டு போயிருமுங்க. ஓடறதில்லீங்களா? பைக் ஓட்டறதுக்குப் போட்டதா? அப்பச் சரி. பஞ்சர் கடைக்காரன் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. இந்த ஊர்ல அவன் வெச்சதுதான் சட்டம். உக்காருங்க. மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ. சக்கரை வேண்டாம். இல்லீங்க தம்பி, சக்கரை இல்லாமக் குடிச்சுப் பாருங்க, ரெண்டு நாள்ல பழகீரும். என் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவங்க ஒருத்தரும் இல்லை.

எம் பேரு நாச்சிமுத்துங்க. கணபதில பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கேன். ஆனா கோயமுத்தூர்ல ஓடறவங்ககிட்டப் போயி நாச்சிமுத்துன்னு கேட்டீங்கன்னா ஆருக்குந் தெரியாது. கோச்சண்ணான்னு கேளுங்க. படிச்சுப் பட்டம் வாங்குன கோச்சு இல்லீங்க. நானா ஓடி நானாக் கத்துக்கிட்டது. நாப்பது வயசுல டாக்டரு சுகர் எட்டிப் பாக்குதுன்னாரு. அடுத்த நாளே ரேஸ்கோர்ஸுக்கு நடக்கப் போனேன். நடக்கறவங்க எல்லாம் குடும்பக் கதை பேசிக்கிட்டு ஆடி அசைஞ்சு போறாங்க. எனக்குப் பொறுமை இல்லை, ஓட ஆரம்பிச்சுட்டேன். இப்ப முழு மாரத்தான் நாலு முடிச்சாச்சுங்க. நாப்பத்திரெண்டு கிலோமீட்டர். ஒருக்காக்கூட நின்னதில்லை. தண்ணியக்கூட ஓடிக்கிட்டேதான் குடிப்பேன், பாதி சட்டைல போயிரும். போகட்டும். நின்னா ஒடம்பு சூடு ஆறிப்போகும், மனசும் ஆறிப்போகும்.

சித்த இருங்க, போனு. ஹலோ. ஆமாங்க. உங்க மோட்டாருதானுங்களே, வைண்டிங் முடிஞ்சுதுங்க. வந்துட்டேன் வந்துட்டேன். காந்திபுரம் தாண்டிட்டனுங்க. பட்டறைல உக்காந்து ஒரு டீ சாப்பிடுங்க, இதோ வந்துட்டேன்.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? இதெல்லாம் வியாபாரத்துல சகஜமுங்க. இல்லைன்னு சொன்னா மனுசன் வேற பட்டறைக்குப் போயிருவாரு. சரி, போனை ஆஃப் பண்ணி வெச்சுடறேன். இனிச் சாயங்காலம் வரைக்கும் தொந்தரவில்லை.

நான் ஒருத்தருக்காகத்தான் உக்காந்திருக்கேன். ரெண்டு பேருமா மலை ஏறப் போறோம். அதோ, மேகத்துக்குள்ள பாதி போயிருக்குது பாருங்க, அதுதான் ஊசிக்கல்லு. மாரத்தானுக்கு ரோட்ல ஓடுனா மட்டும் பத்தாதுங்க. சனிக்கிழமை மலை, ஞாயித்துக்கிழமை நீள ஓட்டம். இது நானாக் கண்டுபிடிச்ச முறை. எங்க குரூப்புல போன வருசம் வரைக்கும் ஏழெட்டுப் பேரு இருந்தோம். சனிக்கிழமை விடிஞ்சா இந்த பேக்கரில டீயக் குடிச்சுட்டு ஏற ஆரம்பிச்சுருவோம். மாஸ்டரக் கேளுங்க. அவ்வளவு கூட்டமா இருக்கும், தேங்கா பன்னு எல்லாம் எங்களாலயே தீந்துபோகும். என்ன மாஸ்டர்? தலையாட்டறாரு பாருங்க. நெம்பப் பேசமாட்டாரு.

இப்ப எங்கன்னு கேக்கறீங்களா? எல்லாம் ஓடிப்போயிட்டாங்க. அதைச் சொன்னா வயிறு எரியுதுங்க.

மலையில என் சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். முன்னால போறவரு நிக்கக்கூடாது. பாதை நல்ல வளைவு வளைவாப் போகும். ஒவ்வொரு வளைவுலயும் முன்னால போறவரு திரும்பிக் கூப்பிடணும், "வந்தாச்சா?"ன்னு. பின்னால வர்றவரு "வந்துட்டனுங்ணா"ன்னு குரல் குடுக்கணும். அவ்வளவுதான், போய்க்கிட்டே இருக்கலாம். திரும்பிப் பாக்கற வேலை இல்லை, எண்ணிப் பாக்கற வேலை இல்லை. சிலரு ஆளுக்கொரு விசில் வாங்கிக்கலாமுங்ணான்னாங்க. ஸ்கூல் பசங்களா நாம? மனுசனுக்கு வாயி எதுக்கு இருக்குதுன்னு கேட்டனுங்க. வாயை மூடிக்கிட்டாங்க.

அப்பறம் ஆராவது "சித்த நில்லுங்ணா"ன்னு கத்துனாங்கன்னு வைங்க, அந்த வாரம் பூரா அவருக்குப் பேரு ரிவர்ஸு. வாட்ஸப்புல ஒரு ஆமை படம் போட்டு, கீழ அவரு பேரைப் போட்டு விட்டுருவேன். எல்லாருஞ் சிரிப்பாங்க. சும்மா தமாசுக்குத்தானுங்க. ஆனா வேலை செஞ்சுது பாருங்க! ரெண்டே மாசத்துல நில்லுங்கங்கற வார்த்தையே குரூப்புல இல்லாமப் போச்சு. காலு சுளுக்குனாலும் நொண்டிக்கிட்டே "வந்துட்டனுங்ணா"ம்பாங்க. அந்த மாதிரி ஒரு குரூப்பை நான் உண்டாக்கி வெச்சிருந்தேன் தம்பி.

சபரீசன்னு ஒருத்தரு இருந்தாரு. பாலிடெக்னிக்ல வாத்தியாரு. நல்ல மனுசன், குறை சொல்லக்கூடாது. ஆனா ஓட்டக்காரரு இல்லைங்க. அவருக்கு மாரத்தான் ஒரு சாக்கு. மலைக்கு வர்றப்பவே கழுத்துல ஒரு பைனாகுலரு, பையில நாலு ஆரஞ்சு, முறுக்கு, எல்லாருக்கும் பங்கு வெக்கறதுக்கு. நடுவழில நின்னுக்குவாரு. "அண்ணா, அங்க பாருங்க, அந்த மரத்துல மஞ்சளா ஒண்ணு"ம்பாரு. எனக்கு நாடித்துடிப்பு எறங்கிப்போகும். "சபரி, மாரத்தானுக்கு வந்தியா, குருவிக்குப் பேரு வெக்க வந்தியா?"ன்னு கத்துவேன். சிரிச்சுக்கிட்டே, "சனி ஞாயிறுன்னா சந்தோசமா இருக்கறதுக்குத்தானுங்ணா"ம்பாரு. அது என்ன பேச்சுங்க? சந்தோசமா இருக்கோணும்னா வீட்ல படுத்துக்க வேண்டியதுதானே.

மூணு வாரம் சேந்தாப்பல அவருக்குத்தான் ரிவர்ஸு. நாலாவது வாரம் வீட்டுக்கே போயிச் சொன்னேன். சுகந்தி அம்மணி, அவரு சம்சாரம், காப்பி கொண்டாந்து வெச்சாங்க. அவங்க முன்னாலயே சொன்னேன். "இந்த வாரமும் ஆமை படம் உனக்குத்தான்னா குரூப்பை விட்டு எடுத்துருவேன் சபரி." அவரு மொகம் சின்னதாப் போச்சுங்க. அம்மணி உள்ள போயிட்டாங்க. சம்சாரத்துக்கு முன்னால சொன்னாத்தான் ஆம்பளைக்கு உறைக்கும், அதுக்காகத்தான் அங்க போயிச் சொன்னது.

உறைச்சுதுங்க. அந்தச் சனிக்கிழமை பைனாகுலரு இல்லாம வந்தாரு. ஆரஞ்சும் இல்லை. ஐப்பசி முகூர்த்தம், மத்தவங்க எல்லாம் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. நானும் அவரும் மட்டும். இதே பெஞ்சுலதான் டீ குடிச்சோம். "இன்னைக்கு ஒரு எடத்துலகூட நிக்கமாட்டனுங்ணா, பாருங்க"ன்னாரு. எனக்கு அப்படியே மனசு நெறஞ்சு போச்சு.

மொத வளைவுல "வந்தாச்சா?"ன்னேன். "வந்துட்டனுங்ணா." பக்கத்துலயே சத்தம். ரெண்டாவது வளைவு, "வந்துட்டனுங்ணா." அப்பவும் பக்கந்தான். மூணாவது வளைவுல ஒரு வழுக்குப் பாறை இருக்குதுங்க. மேல ஊத்துத் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், பாசி புடிச்சிருக்கும், ஒரு பக்கம் பள்ளம். நான் பழகுன காலு, தாண்டிட்டேன். சித்த தூரம் போயித் திரும்பிக் கூப்பிட்டேன், "வந்தாச்சா?"ன்னு.

ஒண்ணும் சத்தமில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்பக் குரல் வந்துதுங்க. "வந்துட்டனுங்ணா." கொஞ்சம் கீழ இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. மலையில குரல் அப்படித்தானுங்க, எங்கிருந்து வருதுன்னு சொல்ல முடியாது. எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொருக்காக் கேட்டேன். "வந்துட்டேன்"ன்னாரு. சித்த விட்டு, "வந்துட்டனுங்ணா, நீங்க போங்க"ன்னாரு. போங்கன்னு அவரே சொன்னாருங்க தம்பி. நான் போனேன்.

உச்சிக்குப் போயி உக்காந்து பாத்தேன். ஆளக் காணோம். சரி, பழைய புத்தி வந்துருச்சு, எங்கயோ குருவி பாத்துக்கிட்டு நிக்கறாரு, இல்லைன்னா ஏற முடியாம எறங்கிப்போயிட்டாருன்னு நெனச்சேன். கோவம்னா கோவம். அதே வழில திரும்பி வந்தா சமாதானஞ் சொல்லுவாரு, மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலைன்னு அந்தப் பக்கம் எஸ்டேட் ரோட்ல எறங்கி பஸ் புடிச்சு வந்துட்டேன். வர்ற வழியிலயே ஆமை படத்தைப் போட்டு விட்டுட்டேன்.

சாயங்காலம் அம்மணி போன் பண்ணாங்க. இன்னும் வரலைங்ணான்னாங்க. வந்துருவாரு அம்மணின்னேன். பொழுது எறங்குனப்பறமும் பண்ணாங்க. போலீசுக்குச் சொல்லட்டுங்களான்னாங்க. எதுக்குங்க போலீசு, நாம போறது மாடு மேய்க்கற வழி, பர்மிசன் கெடையாது, அது இதுன்னு கேள்வி வரும், குரூப்புக்குக் கெட்ட பேரு, விடியட்டும்னு சொன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க. அப்ப என் பேச்சை அவ்வளவு மதிச்சாங்க.

மறுநாள் நல்ல மழை. மூணாம் நாள்தான் எடுத்தாங்க. வழுக்குப் பாறைக்கு நேர் கீழ, பள்ளத்துல, புதருக்குள்ள. தொடை எலும்பு முறிஞ்சிருந்துச்சு. துண்டை எடுத்து ஒரு கெளையில கட்டி வெச்சிருந்தாராம், ஆராவது பாக்கட்டும்னு. டாக்டரு சொன்னாராம், ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு. டாக்டருங்க அப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க. கேக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிக்க மாட்டாங்க.

டீ ஆறுதுங்க, குடிங்க.

என் மேல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. வெளியாளு நீங்க, ஞாயமாச் சொல்லுங்க. விழுந்தவரு "விழுந்துட்டேன்"னு சொல்லோணுமா இல்லையா? காலு ஒடிஞ்சு பள்ளத்துல கெடந்துக்கிட்டு வந்துட்டேன் வந்துட்டேன்னா என்னங்க அர்த்தம்? வந்துட்டேன்னா வந்துட்டேன்தானே? தமிழ்தானுங்களே அது? போலீஸ் ஸ்டேசன்லயும் இதைத்தான் சொன்னேன். அந்த இன்ஸ்பெக்டரு பேனாவை மூடி வெச்சுட்டு என்னையே பாத்தாரு. "ஏனுங்க, காலைல இருந்து எம் பொண்டாட்டி அஞ்சு தடவை போன் பண்ணிட்டா. அஞ்சு தடவையும் வந்துட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். நான் இங்க உங்க முன்னாலதான் உக்காந்திருக்கேன்"ன்னாரு. அது என்ன பேச்சுங்க? ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் பொய் சொல்லுவாங்க. மலையில அப்படிச் சொல்லலாமா? கேசு ஒண்ணும் இல்லைங்க, விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க.

என்னங்க தம்பி சொன்னீங்க? பயந்துக்கிட்டு சொல்லியிருப்பாருன்னா? ஆருக்குப் பயந்து? எனக்கா? என்னையப் பாத்தா பயப்படற மாதிரியா இருக்குது? தமாசு ஆளுங்க நான். ஆமை படத்துக்கா ஒருத்தரு உசுர விடுவாரு? குரூப்புல இருந்தவங்களும் உங்களை மாதிரியேதான் சொன்னாங்க. காரியத்தன்னைக்கு எல்லாரும் ஒரு பக்கமா உக்காந்துக்கிட்டாங்க, நான் ஒரு பக்கம். அப்பறம் தனியாப் பிரிஞ்சு போயிட்டாங்க. இப்ப ரேஸ்கோர்ஸ்ல எதிர்ல ஓடி வர்றாங்க, மொகத்தைத் திருப்பிக்கிறாங்க. கழுத்துல ஆளுக்கொரு விசில் தொங்குது. அதைப் பாக்கறப்ப எனக்கு வர்ற ஆத்திரம் இருக்குதே! நான் கை புடிச்சு ஓடக் கத்துக்குடுத்த பசங்க தம்பி.

ஆனா கடவுள் இருக்கறாருங்க. ஊரே என்னைத் தப்பாப் பேசுனப்ப ஒருத்தரு மட்டும் என்னைய நம்பி வந்தாங்க. ஆருன்னு நெனைக்கறீங்க? சுகந்தி அம்மணி. அவங்களேதான். காரியம் முடிஞ்சு ஒரு ரெண்டு மாசம் இருக்கும், ஒரு நாள் காலைல ரேஸ்கோர்ஸ்ல வந்து நின்னாங்க. புது ஷூ. "எனக்கு ஓடச் சொல்லித் தாங்ணா, மாரத்தான் ஓடோணும்"னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. தாலி அறுத்த பொம்பளையே என்னைக் குத்தஞ் சொல்லலை, இவனுங்க ஆரு சொல்றதுக்கு?

வந்தப்ப மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் அவங்களுக்கு. இப்பப் பாக்கோணும் நீங்க. சொன்னதைச் சொன்னபடி செய்வாங்க. ஒரு நாள் லேட்டு இல்லை. மழையானாலும் பனியானாலும் எனக்கு முன்னால வந்து நிப்பாங்க. பேச்சே கெடையாது. எனக்குப் பின்னால ரெண்டடி விட்டு ஓடி வருவாங்க. மூச்சு சத்தங்கூடக் கேக்காது. சில நேரம் பின்னால ஆளு இருக்காங்களா இல்லையான்னே தெரியாம திரும்பிப் பாப்பேன். என் குதிகாலையே பாத்துக்கிட்டு வருவாங்க. நான் காலு வெக்கறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கறாங்க.

அப்பறம் அவங்களுக்கு எல்லாம் விவரமாத் தெரியோணும். அன்னைக்கு எங்க நின்னு கூப்பிட்டீங்க, குரல் எப்படி இருந்துச்சு, எத்தனை தடவை கூப்பிட்டீங்க, இதெல்லாம் கேப்பாங்க. சொல்லுவேன். மூணாவது வளைவுல இருந்து கத்துனா கீழ பேக்கரி வரைக்கும் கேக்குமாங்ணான்னு கேட்டாங்க. கேக்காது அம்மணி, நடுவுல பாறை மறைக்குதுன்னேன். எஸ்டேட் பக்கம் கேக்குமான்னாங்க. அங்கயும் கேக்காதுன்னேன். ஒரு நாள், அவரு சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனாப் பாவம், கடைசியாப் பேசுன வார்த்தையாச்சே. அவரு குரலை மாதிரியே இழுத்துச் சொன்னேன். இன்னொருக்கான்னாங்க. சொன்னேன். அழுவாங்கன்னு பாத்தா, அழலைங்க. "சரிங்ணா"ன்னுட்டு மறுபடி ஓட ஆரம்பிச்சுட்டாங்க. மனசு தேறிருச்சுன்னு எனக்கு நெம்பத் திருப்தி.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்க, எனக்கு வலது மூட்டு சரியில்லை. திடீர்னு புடிச்சுக்கும், அப்பறம் மடக்கவும் முடியாது நீட்டவும் முடியாது. டாக்டரு மலை ஏறவே கூடாதுன்னுட்டாரு. ஆருக்கும் சொல்லலை. கோச்சுக்கே மூட்டு போச்சுன்னா அந்த விசில் பசங்க சிரிப்பாங்களே. வீட்ல கூடத் தெரியாது. ஆனா அம்மணி கண்டுபுடிச்சுட்டாங்க. குளத்துக்கரையில ஓடிக்கிட்டிருந்தோம், படக்குன்னு புடிச்சுக்கிச்சு, அப்படியே உக்காந்துட்டேன். அவங்க தாண்டிப் போயிட்டாங்க. அம்மணின்னு கூப்பிட்டேன். திரும்பி வந்தாங்க. வந்து, கொஞ்சம் எட்டவே நின்னுக்கிட்டாங்க. கை குடுக்கலை. நான் ஊர்ந்து போயி ஒரு மரத்தைப் புடிச்சு எந்திரிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாங்க. "என்ன அம்மணி பாக்கறீங்க?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்ணா, உக்காந்தா எந்திரிக்க எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்தேன்"ன்னாங்க. பாருங்க, எவ்வளவு நுணுக்கமாக் கவனிக்கறாங்க! நெசமான ஓட்டக்காரங்களுக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கும்.

ஊசிக்கல்லுக்குப் போலாம்னு அவங்கதான் சொன்னாங்க. அவரு விழுந்த எடத்தை ஒருக்காப் பாக்கோணுங்ணான்னாங்க. மூட்டை நெனச்சு நான் யோசனை பண்ணேன். "மெதுவாப் போலாங்ணா, நான் இருக்கறேன்ல"ன்னாங்க. அந்த வார்த்தை போதாதுங்களா? வேற ஆரையாவது கூட்டிக்கலாமான்னேன். வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பேரு தனியாப் போறது வெளிய தெரிஞ்சா ஒண்ணு ரெண்டாப் பேசுவாங்க, எங்க வீட்டுக்காரியை அவங்க அக்கான்னுதான் சொல்லுவாங்க, அக்காகிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. அதுவும் ஞாயந்தானே? அதனாலதான் வீட்ல ரேஸ்கோர்ஸ்ல ஓடிட்டு அப்படியே திருப்பூருக்குப் பார்ட்டி ஒருத்தரைப் பாக்கப் போறேன், வர ராத்திரியாகும்னு சொல்லியிருக்கேன். காரை ரேஸ்கோர்ஸ் ஓரமா விட்டுட்டு பஸ்ல வந்தேன். அதுவும் அவங்க யோசனைதான். மலையடிவாரத்துல நம்ம கார் நின்னா தெரிஞ்சவங்க பாப்பாங்களாம். எவ்வளவு தூரம் யோசிக்கறாங்க பாருங்க. அந்த மனுசன் இத்தனை விவரமான பொம்பளையை வெச்சுக்கிட்டு குருவி பாத்துக்கிட்டுத் திரிஞ்சாரு.

மாஸ்டர் என்னமோ சொல்றாரு. என்ன மாஸ்டர்? மேல மழை புடிச்சுக்கிச்சா? மாடு ஓட்டிட்டுப் போனவங்க எல்லாம் எறங்கி வந்துட்டாங்களாமுங்க. இருக்கட்டும். மலையில மழை வரும், போகும். அதுக்கெல்லாம் பாத்தா ட்ரைனிங் நடக்குமா? அடுத்த மாசம் மாரத்தான். அம்மணி முழு ஓட்டத்துக்குப் பேரு குடுத்திருக்காங்க. நான் அரை ஓட்டந்தான், மூட்டுக்காக.

ஏந் தம்பி, உங்க மொகமே மாறிப்போச்சு? சக்கரை இல்லாம டீ இறங்கலையா? நீங்களுங் கூட வர்றீங்களா? வேண்டாமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது. போன் நம்பரா? எதுக்குங்க? மேல சிக்னல் எடுக்காது. சாயங்காலம் இதே பேக்கரில பாக்கலாம், அது வரைக்குமா உங்களுக்குப் பஞ்சர் ஒட்டப்போறான்?

அதோ ஸ்கூட்டரு. அவங்கதான்.

வாங்க அம்மணி, உள்ள வாங்க. ஒரு டீ சாப்பிட்டுப் போலாம். வேண்டாமா? சரி. இவரா? பைக் பஞ்சருங்க, பாவம், பேசிக்கிட்டிருந்தோம். ஆமா, எல்லாந்தான் சொன்னேன், அதனால என்னங்க, நல்ல தம்பி. தம்பி, பஞ்சர் ஒட்டுனதும் கெளம்பிருவீங்களான்னு கேக்கறாங்க. பாருங்க, அடுத்தவங்க மேல எவ்வளவு அக்கறை. கெளம்பிருவாருங்க அம்மணி, அவருக்கு இங்க என்ன வேலை.

என்னங்க? பையா? நானே தூக்கிக்கறனுங்க. இல்லைங்க, பாரமொண்ணும் இல்லை. சரி சரி, மூட்டுக்கு ஆகாதுன்னு நீங்க சொன்னாச் சரிதான். புடிங்க. தண்ணி, போனு, மழைக்கோட்டு எல்லாம் அதுலதான் இருக்குதுங்க, பத்திரம்.

என்னது? நீங்களா? இன்னைக்கு நீங்க முன்னால போறீங்களா? நான் பின்னாலயா?

கேட்டீங்களா தம்பி? போன வருசம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குன பொம்பளைங்க. இன்னைக்கு என்னையவே பின்னால வரச் சொல்றாங்க. எல்லாம் நான் குடுத்த ட்ரைனிங்குதானுங்க.